மருத்துவக் காப்பீட்டுக்கு ரூ.1,461 கோடி: பட்ஜெட்டில் இந்தக் கணக்கு எப்படி வருது? சட்டமன்றத்தில் ஏன் இவ்வளவு சண்டை?

பட்ஜெட் நாள் வந்தால் டிவி திரையின் அடியில் தவறாமல் ஓடும் ஒரு வரி இது: "மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு." தமிழ்நாடு அரசின் 2025-26 பட்ஜெட்டில் அந்த எண் 1,461 கோடி ரூபாய். அதே பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மொத்தமாக ஒதுக்கியது 21,906 கோடி. துறைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 6 ரூபாய் 67 பைசா காப்பீட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

"பாத்தீங்களா, எவ்வளவு கொடுக்கிறோம்" என்பது ஆளுங்கட்சி வாதம். "எல்லாம் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தானே போகுது" என்பது எதிர்க்கட்சி வாதம். ஆட்சி மாறினால் இதே வசனங்கள் இடம் மாறும், அவ்வளவுதான்.

இந்த 1,461 கோடி எப்படி வருகிறது? கூட்டினால் யாருக்கு லாபம், குறைத்தால் யாருக்கு அடி? கையில் 5 லட்சம் ரூபாய்க்கான காப்பீட்டு அட்டை இருந்தும் மருத்துவமனை கவுன்ட்டரில் "கூடுதலா கொஞ்சம் கட்டணும்" என்று ஏன் சொல்கிறார்கள்? எல்லாம் ஒரே கணக்கின் வெவ்வேறு பக்கங்கள்தான்.

முதல்ல, அடிப்படைக் கணக்கு

காப்பீட்டுச் செலவு என்றதும் நோயாளிகளின் பில்லை எல்லாம் கூட்டி அரசு கட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. காப்பீட்டு முறையில், அட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அரசு காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டிவிடும். அதுதான் பிரீமியம். அந்தக் குடும்பத்தில் அந்த வருஷம் ஒருத்தருக்குக்கூட காய்ச்சல் வரவில்லை என்றாலும் பணம் கட்டியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜனவரி 11 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டபோது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம் என்று முடிவானது. ஒப்பந்தம் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸுடன். அப்போது சொல்லப்பட்ட பயனாளிக் குடும்பங்கள் 1.37 கோடி.

பெருக்கிப் பாருங்க. 849-ஐ 1.37 கோடியால் பெருக்கினால் சுமார் 1,163 கோடி ரூபாய். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் செலவு 2 ரூபாய் 33 பைசா. டீக்கடையில் பாதி டீகூட வராது.

1,163 கோடிக்கும் 1,461 கோடிக்கும் நடுவில் ஏறக்குறைய 300 கோடி இடைவெளி இருக்கிறது. 2022-க்குப் பிறகு பட்டியலில் குடும்பங்கள் கூடினால் பிரீமியமும் கூடும். அதோடு, காப்பீட்டு நிறுவனத்தின் வரம்பைத் தாண்டும் பெரிய சிகிச்சைகளுக்கு அரசே பணம் போடுகிறது. இந்தப் பிரிவில் எவ்வளவு, அந்தப் பிரிவில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படி கேட்பதுதான் உண்மையில் ஒரு எம்எல்ஏ கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் நேரம் திட்டத்தின் பெயர் பற்றிய சண்டையிலேயே போய்விடுகிறது.

காப்பீட்டுத் தொகை ஏறினா செலவும் அதே மடங்கு ஏறுமா?

ஏறாது. தமிழ்நாட்டின் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி.

2009 ஜூலையில் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 'கலைஞர் காப்பீட்டுத் திட்டம்' தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியம் ஆண்டுக்கு 469 ரூபாய். 2011-ல் ஆட்சி மாறியது, அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 2012 ஜனவரி 11-ல் ஜெயலலிதா புதிய திட்டத்தைத் தொடங்கினார். இந்த முறை ஆண்டுக்கு 1 லட்சம், நான்கு ஆண்டுகளுக்கு 4 லட்சம். குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை.

காப்பீட்டுத் தொகை நான்கு மடங்கு ஆனது. பிரீமியம்? 469-லிருந்து 497. வெறும் 28 ரூபாய்தான் கூடியது.

காரணம் எளிமையானது. ஒரு தெருவில் நூறு குடும்பம் இருந்தால், ஒரு வருஷத்தில் பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் ஓரிரு குடும்பமாகத்தான் இருப்பார்கள். அதிலும் பில் உச்ச வரம்பைத் தொடுவது அபூர்வம். வரம்பை மேலே மேலே உயர்த்துவது அரசியல்வாதிக்குக் கைதட்டல் வாங்கித் தரும், கஜானாவுக்குப் பெரிய வலி தராது. வலி தருவது வேறு இடங்களில்: எத்தனை சிகிச்சைகளைப் பட்டியலில் சேர்க்கிறீர்கள், ஒவ்வொரு சிகிச்சைக்கும் மருத்துவமனைக்கு எவ்வளவு தருகிறீர்கள், எத்தனை பேர் அட்டையைப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான்.

ராஜஸ்தானைப் பாருங்கள். அசோக் கெலாட் ஆட்சியில் 2021 மே மாதம் சிரஞ்சீவி திட்டம் 5 லட்சத்தில் தொடங்கியது. 2022-23 பட்ஜெட்டில் 10 லட்சம். அடுத்த பட்ஜெட்டில், தேர்தல் ஆண்டில், 25 லட்சம். ஆந்திராவில் 2023 டிசம்பரில் ஆரோக்கியஸ்ரீ வரம்பு 25 லட்சமானது. அடுத்த சில மாதங்களில் அங்கேயும் தேர்தல். இரண்டு மாநிலங்களிலும் ஆட்சி மாறியது, திட்டத்தின் பெயரும் மாறியது. 25 லட்சம் என்று போஸ்டரில் போட ஒரு அச்சகம் போதும். அதை அனுபவிக்க, அந்தப் பேக்கேஜ் ரேட்டுக்குச் சிகிச்சை தர ஒரு மருத்துவமனை முன்வர வேண்டும்.

பேக்கேஜ் ரேட்: சண்டையின் மையப்புள்ளி

பேக்கேஜ் ரேட் என்பது ஒரு சிகிச்சைக்கு அரசு நிர்ணயித்த ஒட்டுமொத்தக் கட்டணம். படுக்கை, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன், மருந்து, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். தமிழ்நாட்டில் 2022-ல் நீட்டித்த திட்டத்தில் 1,090 சிகிச்சைகளும், 8 தொடர் சிகிச்சைகளும், 52 நோய் கண்டறியும் பரிசோதனைகளும் பட்டியலில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை.

இந்த விலைதான் பட்ஜெட்டைத் தூக்கவும் இறக்கவும் செய்கிறது. விலையை உயர்த்தினால் காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் செலவு ஏறும், அடுத்த ஒப்பந்தத்தில் பிரீமியமும் ஏறும். உயர்த்தாமல் விட்டால் பட்ஜெட் எண் அழகாக நிற்கும். ஆனால் ஸ்டென்ட், செயற்கை மூட்டு, மயக்க மருந்து, நர்ஸ் சம்பளம் எல்லாம் வெளியே ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அப்போ என்ன ஆகும்? மருத்துவமனைக்கு மூன்று வழி. கட்டுப்படியாகாத சிகிச்சையை இந்தத் திட்டத்தில் செய்வதை மெதுவாக நிறுத்தலாம். "பெட் இல்லை" என்று சொல்லலாம். அல்லது பற்றாக்குறையை நோயாளியின் குடும்பத்திடம் வசூலிக்கலாம். மூன்றாவது விதிமீறல். பட்டியலில் உள்ள சிகிச்சைக்குப் பேக்கேஜுக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. ஆனாலும் "நல்ல குவாலிட்டி இம்ப்ளான்ட் போடணும்னா வித்தியாசத்தைக் கட்டுங்க" என்ற வார்த்தையைக் கேட்டவர்கள் நிறையப் பேர்.

ஆக, பிரீமியத்தைக் குறைவாகப் பிடித்து வைத்தோம் என்று அரசு பெருமைப்படும்போது, அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி நோயாளி வீட்டு நகைக்கடன் ரசீதாக மாறியிருக்கலாம். பட்ஜெட் புத்தகத்தில் அது எந்தத் தலைப்பிலும் வராது.

மறுபக்கமும் உண்டு. ரேட் தாராளமாக இருந்தால் தேவையில்லாத ஆபரேஷன்கள் நடக்கும். மத்திய அரசின் பழைய ஆர்எஸ்பிஒய் காப்பீட்டுத் திட்டத்தில், 2012-ல் சத்தீஸ்கரில் தேவையில்லாமல் பெண்களின் கர்ப்பப்பையை அகற்றியதாகப் பெரிய சர்ச்சை வெடித்தது. டாக்டர்கள் மீது நடவடிக்கை வரை போனது. காப்பீட்டுப் பணம் இருக்கிறது என்பதே ஒரு ஆபரேஷனுக்குக் காரணமாகிவிடும் ஆபத்து இது. அதனால் "ரேட்டை ஏத்துங்க" என்ற கோரிக்கையோடு "யார் சரிபார்க்கிறது?" என்ற கேள்வியும் சேர்ந்தே வர வேண்டும்.

காப்பீட்டு நிறுவனமா, அரசே நேரடியா?

இந்தியா முழுக்க மாநில பட்ஜெட் விவாதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. நிறுவனத்துக்கு பிரீமியம் கட்டும் முறை ஒன்று. அரசே ஒரு அறக்கட்டளையோ முகமையோ வைத்து, வரும் பில்லை நேரடியாக மருத்துவமனைக்குக் கட்டும் முறை இன்னொன்று.

முதல் முறையில் செலவு ஆண்டு தொடக்கத்திலேயே தெரியும். எதிர்பார்த்ததைவிட நோயாளிகள் அதிகம் வந்தால் நஷ்டம் நிறுவனத்துக்கு. நிதித்துறை அதிகாரிகளுக்கு இது பிடிக்கும். ஆனால் கிளெய்ம் குறைவாக வந்தால் மிச்சம் நிறுவனத்துக்கு லாபமாகிவிடும். அதனால்தான் மிச்சத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் சேர்க்கிறார்கள்.

இரண்டாவது முறையில் இடைத்தரகர் இல்லை, லாபப் பங்கும் இல்லை. ஆனால் கஜானாவில் பணம் இல்லாத மாதத்தில் பில்கள் தேங்கும்.

கேரளாவில் இரண்டையும் பார்த்துவிட்டார்கள். காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் 2019-ல் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்துடன் தொடங்கியபோது பிரீமியம் குடும்பத்துக்கு 1,671 ரூபாய். அதே காலத்தில் தமிழ்நாட்டில் 699. "பக்கத்து மாநிலத்துல இரண்டு மடங்குக்கு மேலயா?" என்று கேட்கத் தோன்றும். முதியோர் விகிதம் அதிகம், மருத்துவமனைக்குப் போகும் பழக்கமும் அதிகம் என்பதால் கேரளாவில் காப்பீடு விலை உயர்ந்ததுதான். திட்டத்தின் வடிவமும் வேறு. 2020 ஜூலையில் கேரளா நிறுவனத்தை விட்டுவிட்டு, மாநில சுகாதார முகமை மூலம் நேரடியாகப் பணம் தரும் முறைக்கு மாறியது. அதற்குப் பிறகு அங்கே விவாதமே மாறிவிட்டது. பிரீமியம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவமனைகளுக்கு நிலுவை எவ்வளவு என்பதுதான் பேச்சு.

ஆந்திராவிலும் இதே கதை. ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி 2007-ல் ஆரோக்கியஸ்ரீயைத் தொடங்கியபோது அது காப்பீட்டு முறை. பிறகு அறக்கட்டளைக்கு மாறியது. நிலுவையைக் கொடுங்கள் என்று கேட்டுத் தனியார் மருத்துவமனைகள் இந்தத் திட்டத்தில் சேவையை நிறுத்துவதாக அறிவிப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் அது நடந்தது. கஜானா தாமதம் செய்தால் அந்தத் தாமதம் கடைசியில் டயாலிசிஸுக்கு வரிசையில் நிற்பவர் தலையில்தான் விடியும்.

தமிழ்நாடு நடுவழியில் போகிறது. ஒரு வரம்பு வரை காப்பீட்டு நிறுவனம், அதற்கு மேல் 5 லட்சம் வரை அரசு. கல்லீரல், சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை மாற்று, காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி போன்ற பெரிய செலவுகளுக்குத் தனியாக ஒரு தொகுப்பு நிதி. அதற்கான பணத்தில் ஒரு பங்கு, அரசு மருத்துவமனைகள் இதே திட்டத்தில் ஈட்டும் கிளெய்ம் தொகையிலிருந்து வருகிறது. ஆமாம், அரசு மருத்துவமனையும் இந்தத் திட்டத்தில் கிளெய்ம் போடலாம். "எல்லாமே தனியாருக்குத்தான்" என்ற வாதம் முழுசாகப் பொருந்தாததற்கு இதுவே காரணம்.

60:40 என்கிறாங்களே, மத்திய அரசு பாதிக்கு மேல தருதா?

இங்கதான் பலர் குழம்புகிறார்கள். 2018 செப்டம்பர் 23-ல் ராஞ்சியில் பிரதமர் மோடி ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கினார். தமிழ்நாடு தன் திட்டத்தை அதோடு இணைத்தது. காப்பீட்டுத் தொகை 5 லட்சமானது. செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்பது விதி.

ஆனால் அந்த 60 சதவீதம் எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் தொடக்கத்தில் அப்படி வந்தவை சுமார் 77 லட்சம். மாநிலத் திட்டத்தில் மொத்தம் இருந்ததோ அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மீதிக் குடும்பங்களுக்கு முழுச் செலவும் மாநிலத்தின் பொறுப்பு.

பாதிக் குடும்பங்களுக்கு 60 சதவீதம் என்றால், மொத்தச் செலவில் அது சுமார் 30 சதவீதம்தான். அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. திட்டம் தொடங்கியபோது குடும்பத்துக்கு 1,052 ரூபாய் என்று வைத்தார்கள். பிரீமியம் அதற்கு மேல் போனால் கூடுதல் சுமை மாநிலத்துக்கு. பிறகு பயனாளிப் பட்டியல் மாறியதால் விகிதமும் மாறலாம். ஆனால் "60 சதவீதம் டெல்லி தருது" என்று சொன்னாலும் தப்பு, "டெல்லி ஒண்ணுமே தரலை" என்று சொன்னாலும் தப்பு.

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இன்னொரு முடிவெடுத்தது: 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், 5 லட்சம் காப்பீடு. மதிப்பிட்ட செலவு 3,437 கோடி. அதில் மத்திய அரசின் பங்கு 2,165 கோடி. மிச்சம் மாநிலங்கள் தலையில். அறிவிப்பு டெல்லியில் வரும், பில்லில் ஒரு பங்கு சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் லக்னோவுக்கும் வரும். எழுபது வயதுக்காரருக்கு மருத்துவமனைத் தேவை அதிகம் என்பதால் இந்தப் பங்கு வருஷா வருஷம் ஏறும் வகை.

அரசியல் சாசனப்படி பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, காப்பீடு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவக் காப்பீடு என்பது இரண்டும் கலந்த சரக்கு. யார் பெயர், யார் படம் அட்டையில் வரணும் என்ற சண்டையின் வேரும் அதுவே.

பட்டியலில் யார் இருக்காங்க, யார் இல்லை?

பிரீமியம் தலைக்கணக்கில் போவதால், பட்டியலில் ஒரு தவறான பெயர் இருந்தால் அதற்கும் பணம் போகும். 2023 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை இதைத்தான் பிடித்தது. நாடு முழுக்க ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே மொபைல் எண்ணில் பதிவாகியிருந்தது அந்த அறிக்கையால் பிரபலமானது.

தமிழ்நாடு பற்றிய பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். அதைவிட முக்கியம், 1,07,040 ஓய்வூதியர்கள் பயனாளிப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய பிரீமியம் 22.44 கோடி ரூபாய். அரசு ஓய்வூதியர்களுக்குத் தனிக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கனவே இருக்கிறது, நினைவில் வையுங்கள். கால்குலேட்டரை எடுத்து 1,07,040-ஐ 699-ஆல் பெருக்கி, மூன்று ஆண்டுக்குப் பெருக்கினால் அந்த 22.44 கோடி அப்படியே வருகிறது. மோசடிக்காரர் யாரும் திட்டம் போட்டு எடுத்த பணம் அல்ல இது. பட்டியலைச் சுத்தம் செய்யாததால் போனது.

இன்னொரு பக்கம், உள்ளே வர வேண்டியவர் வெளியே நிற்கிறார். நீண்ட காலம் இந்தத் திட்டத்தில் வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்தது. அதாவது மாதம் 6,000. 2022-ல் அது 1.2 லட்சமானது. மாதம் 10,000. ஜவுளிக்கடையில் மாதம் 12,000 சம்பளம் வாங்கும் பெண்ணின் குடும்பம் விதிப்படி இதற்கு வெளியே. அவருக்கு அரசு ஊழியர்களைப் போல மாதம் 300 ரூபாய் பிடித்தம் செய்து தரும் காப்பீடும் இல்லை. தனியார் பாலிசி எடுக்கக் கையில் பணமும் இல்லை. நிஜ வாழ்க்கையில் பலர் வருமானச் சான்றிதழில் குறைத்துக் காட்டி உள்ளே வந்துவிடுகிறார்கள், எல்லோருக்கும் தெரிந்ததுதான். விதி வாழ்க்கைக்குப் பொருந்தாவிட்டால் சான்றிதழைத்தான் வளைப்பார்கள்.

ராஜஸ்தான் இதற்கு ஒரு வழி வைத்தது: இலவசப் பட்டியலில் வராத குடும்பம் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேரலாம். அதே மாதிரி இங்கேயும் கொண்டுவரலாமா என்பது விவாதிக்க வேண்டிய விஷயம். சட்டமன்றத்தில் அது அவ்வளவாகக் காதில் விழவில்லை.

இந்தப் பணத்தை அரசு ஆஸ்பத்திரிக்கே கொடுத்தா என்ன?

நியாயமான கேள்வி. நேரடி பதில் சொல்வது கஷ்டம்.

காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் உதவும். ஆனால் குடும்பங்களின் பணம் சிறுகச் சிறுகக் கரைவது வெளிநோயாளிச் செலவிலும் மருந்துக்கடையிலும்தான். தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2013-14-ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் கையிலிருந்து போனது. 2021-22-ல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. குறைந்தது நல்லதுதான், ஆனாலும் 100 ரூபாய்க்கு 39 ரூபாய் சின்னத் தொகையா?

ஒரு சர்க்கரை நோயாளியை நினைத்துப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஒழுங்காகக் கிடைத்தால் அவருக்கான செலவு குறைவு. அது தவறி, பத்து வருஷத்தில் சிறுநீரகம் பழுதானால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை, அல்லது வாழ்நாள் முழுக்க. அந்த ஒவ்வொரு அமர்வும் காப்பீட்டில் ஒரு கிளெய்ம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு ஒரு பட்ஜெட்டில் ஒதுக்கியது 243 கோடி. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் திட்டம் அது. அந்த 243 கோடி ஒழுங்காக வேலை செய்தால், பத்து வருஷம் கழித்து காப்பீட்டு வரியில் இருக்கும் ஆயிரக்கணக்கான கோடி கொஞ்சம் குறையும். இரண்டையும் தனித்தனித் திட்டமாகப் பார்ப்பதால் இந்தத் தொடர்பு பட்ஜெட் உரையில் தெரிவதில்லை.

அதற்காகக் காப்பீட்டை மூடிவிடுங்கள் என்று சொல்ல முடியுமா? ராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ ஒருவருக்கு இதய ஆபரேஷன் அவசரம் என்றால், அரசு மருத்துவக் கல்லூரியில் வரிசை நீளமாக இருக்கும்போது அந்த அட்டைதான் பக்கத்துத் தனியார் மருத்துவமனையின் கதவைத் திறக்கிறது. ஆக, காப்பீட்டை வைத்துக்கொண்டே, அதில் எவ்வளவு பணம் அரசு மருத்துவமனை வழியாகச் செலவாகிறது என்பதை வருஷா வருஷம் கேட்பது உருப்படியான கேள்வி. அரசு மருத்துவமனை ஒரு கிளெய்ம் ஈட்டினால் அந்தப் பணம் உபகரணமாகவும் ஊழியர் ஊக்கத்தொகையாகவும் அரசுக்குள்ளேயே தங்கும்.

சட்டமன்றத்தில் இதை எப்போ, எங்கே கவனிக்கணும்?

பட்ஜெட் உரையில் வருவது தலைப்புச் செய்தி மட்டும்தான். விவரம் வருவது மானியக் கோரிக்கையில். தமிழ்நாட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை எண் 19. அது விவாதத்துக்கு வரும் நாளில் துறை ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும், இணையத்திலும் கிடைக்கும். எத்தனை பேர் பயனடைந்தார்கள், எவ்வளவு தொகைக்குச் சிகிச்சை என்பதெல்லாம் அதில்தான் வரும்.

பட்ஜெட் ஆவணத்தில் ஒதுக்கீட்டு எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே முந்தைய ஆண்டின் திருத்த மதிப்பீடும், அதற்கும் முந்தைய ஆண்டின் உண்மைச் செலவும் இருக்கும். ஒதுக்கியது அதிகம், செலவானது குறைவு என்றால் அறிவிப்பு பெரிது, வேலை சிறிது. ஒதுக்கியதைவிடச் செலவு கூடி, நடு வருஷத்தில் துணை மதிப்பீட்டில் பணம் கேட்டால் முதலிலேயே குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தமிழ்நாட்டுக்கு அடுத்த பெரிய கட்டம் ஒப்பந்தம்தான். 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டுக் காலம் 2027 ஜனவரி 10-ல் முடிகிறது. 2012-ல் 497, பிறகு 699, பிறகு 849 என்று ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பிரீமியம் ஏறியிருக்கிறது. 1.37 கோடிக் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், 100 ரூபாய் ஏறினால் ஆண்டுக்கு 137 கோடி கூடுதல் செலவு. 300 ரூபாய் ஏறினால் 411 கோடி. ஏற்றத்தைத் தவிர்க்க பேக்கேஜ் ரேட்டை அப்படியே விட்டால், பில் நோயாளி பக்கம் திரும்பும். அதனால் புதிய பிரீமியத்தோடு சேர்த்து புதிய பேக்கேஜ் பட்டியலையும் பார்த்தால்தான் அந்த ஒப்பந்தம் மலிவா, இல்லை மலிவாகக் காட்டியிருக்கிறார்களா என்று தெரியும்.

அட்டை இருந்தும் பணம் கேட்டா?

சேரும்போதே மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட உதவி மையத்தில் அட்டையைக் காட்டுங்கள். உங்கள் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, முன் அனுமதி கேட்டு அனுப்பியிருக்கிறார்களா, எவ்வளவு தொகைக்கு அனுமதி வந்தது என்று கேளுங்கள். அனுமதி வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் என்ன காரணம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், கட்டினால் ரசீது வாங்காமல் வராதீர்கள். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. புதிதாக அட்டை வாங்க வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே போய் வந்துவிடுவது நல்லது.